பித்தளைக் கம்பி சுற்றிய கடையாணி

அப்பா,

முதலில் என் கண்ணில் பட்டது அந்தப் பித்தளைக் கம்பிதான். அன்னாசி டின் ஆலையின் வாசலில் பழ வண்டிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. சீவிய தோலைக் கொட்டுவதற்காகக் கூடையோடு வெளியே வந்தேன். ஒரு வண்டியின் இடது சக்கரத்தில், அச்சு நுனியில், வெயில் பட்டு ஏதோ மின்னியது. கடையாணியின் தலையில் சில சுற்றுக் கம்பி. வண்டி மையில் கறுத்துப்போய், ஒரு பக்கம் மட்டும் உரசி உரசிப் பளிச்சென்று இருந்தது.

அது அம்மாவின் உடைந்த கைவிளக்கில் இருந்த கம்பி. நீங்கள் அதைச் சுற்றியபோது ஆணியை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். "விடாதே, விடாதே" என்று சொல்லிக்கொண்டே சுற்றினீர்கள். சக்கரம் அச்சை விட்டுக் கழன்று போகாமல் பிடித்து வைப்பது இந்த விரல் நீளத்து இரும்புதான் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

இந்த ஆலையில் நான் வேலைக்குச் சேர்ந்தது உங்களுக்குத் தெரியாது. காலையிலிருந்து சாயங்காலம் வரை தோல் சீவுகிறேன். பழத்தின் புளிப்பு விரல் இடுக்குகளைத் தின்றுவிடுகிறது. சோற்றில் கை வைத்தால் எரியும். இதே ஆலைக்குத்தான் நீங்கள் தெப்ராவ் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பழம் ஏற்றி வந்தீர்கள். ரோடு முழுக்கச் சேறாக இருந்த காலத்திலிருந்து ஏற்றினீர்கள். அடிபட்ட அன்னாசி வெளியே தெரியாமல் உள்ளே நொந்துவிடும், ஆலையில் கழித்துவிடுவார்கள். பள்ளத்தில் வண்டி இறங்கும்போது நீங்கள் கயிற்றைப் பிடித்த பிடியில், பழத்தின் மேல் உட்கார்ந்திருந்த எனக்கே குலுக்கல் தெரியாது.

மூன்றாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். அம்மா போனபிறகு உங்களுக்குச் சோறாக்க ஆள் இல்லை. வாத்தியார் கேள்வி கேட்டால் எழுந்து நின்று தரையைப் பார்க்கிற பிள்ளை நான். விட்டதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. "எம் மவ வாயத் தொறந்தா ஜொகூர்ல மழை நின்னுரும்" என்று கூட்டாளிகளிடம் சொல்லிச் சிரிப்பீர்கள். அவர்களும் சிரிப்பார்கள். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் முனியாண்டி சித்தப்பா. சொந்தச் சித்தப்பா இல்லை. உங்களோடு ஒரே கப்பலில் வந்து இறங்கியவர், அதனால் அப்படிக் கூப்பிட்டேன்.

ஒரு நடைக்கு இவ்வளவு என்று கூலி. பழைய ஆட்களுக்குக் கொஞ்சம் கூட, புதிதாக வந்தவர்களுக்குக் கொஞ்சம் குறைவு. ரப்பர் விலை விழுந்த வருஷம் வண்டி முதலாளி, இனி எல்லோருக்கும் புது ஆள் கூலிதான் என்று சொல்லிவிட்டார். வண்டியும் அவருடையது, மாடும் அவருடையது. நாம் அரிசி வாங்கும் கடையும் அவருடையதுதான். நீங்கள் எல்லோரும் அந்தக் கடைக்குப் போய்க் கேட்டீர்கள். அரிசி வாங்க வந்தவள் போல நான் மூட்டைகளுக்குப் பின்னால் நின்றேன்.

"வருசம் ஆனவங்களுக்கு ஒரு கூலி வேணும் மொதலாளி. நேத்து வந்தவனும் நாங்களும் ஒண்ணா?" என்றீர்கள்.

அவர் தராசிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "மாட்டுக்கும்தான் வருசம் ஆவுது. அதுக்கு நான் கூட்டியா குடுக்கிறேன்? கெழடானா கசாப்புக்காரன்கிட்ட குடுக்கிறேன்."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வண்டிக்காரர்களிலும் இரண்டு பேர் சிரித்தார்கள். நீங்கள் முன்னால் நின்றதால் அதைப் பார்க்கவில்லை.

சங்கம் என்று வாய்விட்டுச் சொல்லப் பயம். கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு. அதனால் கூட்டு என்று மட்டும் சொல்லிக்கொண்டீர்கள். வேலைக்கு வராமல் இருந்தால் முதலாளி வேறு ஆட்களை வைத்து வண்டியை ஓட்டிவிடுவார். வண்டியே நகரக் கூடாது என்றீர்கள். அன்று சாயங்காலம் ஒவ்வொருவரும் தன் வண்டியின் கடையாணிகளைக் கழற்றிக்கொண்டு வந்து நம் வீட்டில் போட்டார்கள். ஒருவருடையதில் அரத்தால் கீறிய கோடு, ஒருவருடையதில் சிவப்புச் சாயம். புது ஆணி அடிக்க வேண்டிய கொல்லர் உங்கள் சிநேகிதர். கைவலி என்று பட்டறையை மூடிவிட்டு, மிளகுத் தைலம் பூசிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்.

ஆணிகளை அரிசிப் பானைக்குள் வைத்து மேலே அரிசியைக் கொட்டச் சொன்னீர்கள். "ஒங்கிட்ட குடுத்தாதான் வெளியே வராது" என்றீர்கள். மறுநாள் மண்டோர் வந்தார். முதலாளிக்காக நம்மையெல்லாம் மேய்த்தவர் அவர்தான். பாயை உதறினார், பெட்டியைக் கவிழ்த்தார், என் முன்னால் வந்து நின்றார்.

"ஆணி எங்க?"

நான் தரையைப் பார்த்தேன்.

"ஊமையா நீ?"

அடுப்பை எட்டி உதைத்துவிட்டுப் போனார். கொட்டிக் கிடந்த சோற்றைப் பார்த்து நீங்கள், "நல்லவேளை, பேசாம இருந்த" என்றீர்கள். என்னை அப்படி ஒருவரும் பாராட்டியதில்லை.

முதலாளி போலீசைக் கூப்பிடவில்லை. புண்ணாக்குப் பீப்பாய்களைப் பூட்டினார். புல் அறுக்கிறவர்களை நிறுத்தினார். மாடுகளுக்குத் தண்ணீர் மட்டும் காட்டச் சொன்னார். "ஓடாத வண்டிக்கு என்னாத்துக்கு மாடு, மாட்டுக்கு என்னாத்துக்குத் தீனி? பாவம்னு நெனைக்கிறவன் வந்து போடட்டும். ஆணியோட வரட்டும்" என்றாராம்.

மாட்டுக் கொட்டகை நம் வரிசை வீடுகளுக்கு நேர் எதிரே. முதலில் அவை பொழுதெல்லாம் கத்தின. பிறகு ஏதாவது ஒரு வீட்டின் கதவு திறந்தால் மட்டும் கத்தின. பெண்கள் கதவைத் திறக்காமலே இருக்கப் பார்த்தோம்.

முனியாண்டி சித்தப்பா ஒரு கட்டுப் புல்லைத் தலையில் வைத்துக்கொண்டு வந்ததும், நீங்கள் ஓடிப்போய்க் குறுக்கே நின்றதும் என் கண் முன்னாலேயே இருக்கிறது. அவருடைய செவலைக்காளை கன்றாக இருந்ததிலிருந்து அவர் கையில் தின்றது.

"அண்ணே, ஒரே ஒரு கட்டு. போட்டுட்டு வந்துர்றேன்."

"நீ போட்டா அடுத்தவனும் போடுவான். அவன் மாட்டை நாம சும்மா தீனி போட்டு வளர்த்துக் குடுக்கிறதா? அவனுக்கு என்னா நட்டம்?"

"செவலை அவன் மாடா அண்ணே?"

"சாவட்டும். செத்தாத்தான் அவனுக்கு ஒறைக்கும்."

புல்லுக்கட்டைப் பிடுங்கிச் சாக்கடையில் போட்டு மிதித்தீர்கள். நம் மயிலைக்காளையும் அங்கேதான் கட்டிக் கிடந்தது. உங்கள் குரலைக் கேட்டு அது தலையைத் திருப்பியது. நீங்கள் அந்தப் பக்கம் பார்க்காமல் உள்ளே வந்து, சோறு வேண்டாம் என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள்.

செவலை விழுந்த அன்று நல்ல மழை. அதை இழுத்துப் போவதற்கு வண்டி கூட இல்லை. ஆட்கள்தான் கயிறு கட்டி இழுத்தார்கள். சித்தப்பா கொம்புப் பக்கம் பிடித்துக்கொண்டு போனார். திரும்பி வரும்போது அவர் நம் வீட்டுக்கு வரவில்லை. நேராக அரிசிக் கடைக்குப் போனார்.

மறுநாள் உச்சி வெயிலில் எல்லோரும் நம் வாசலில் வந்து நின்றார்கள். முன்னால் நிற்க ஒருவருக்கும் மனம் இல்லை. மண்டோரும் கூட வந்திருந்தார். சித்தப்பாதான் பேசினார்.

"ஒத்துக்கிட்டாரு அண்ணே. பழைய ஆளுக்குக் கூட்டிக் குடுக்கிறாராம். முன்ன குடுத்ததைவிட ஒரு பங்கு மேல. எல்லாருக்கும்."

"எல்லாருக்கும்னா?"

அவர் மற்றவர்களைப் பார்த்தார். அவர்கள் எங்கேயோ பார்த்தார்கள்.

"ஒங்களைத் தவிர. ஆணிய வச்சிருந்த ஆளு போயிறணுமாம்."

நீங்கள் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினீர்கள். நான் பானையைத் தூக்கிவந்து வாசலில் கவிழ்த்தேன். நீங்கள் குந்தி உட்கார்ந்து, அரிசிக்குள்ளிருந்து ஒவ்வொரு ஆணியாக எடுத்துத் துடைத்து, பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுத்தீர்கள். வாங்கினவர்கள் கையை மட்டும் நீட்டினார்கள். சித்தப்பாவின் முறை வந்தபோது, "செவலைக்கு எனக்கும் வருத்தம்தான்டா" என்றீர்கள்.

"இப்பச் சொல்லுங்க" என்றார் அவர்.

கடைசியில் நம் ஆணிகள் மிஞ்சின. இடுப்பில் செருகப் போனீர்கள். "வண்டிச் சாமான் வண்டியோட" என்று மண்டோர் கையை நீட்டினார். அன்று சாயங்காலமே நம் வண்டியையும் மயிலையையும் சித்தப்பாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். அவருக்குத்தான் காளை இல்லையே. சிந்திய அரிசியை நான் பொறுக்கிக்கொண்டிருந்தபோது வண்டி நம் வாசலைத் தாண்டிப் போயிற்று.

அதன்பிறகு உங்கள் பேரைக் கேட்டால் எந்த வண்டி முதலாளியும் சேர்க்கவில்லை. கோத்தா திங்கியில் மரம் ஏற்றும் இடத்தில் பேரை மாற்றிச் சொன்னீர்கள். கணக்கப்பிள்ளை கேட்டான்: "முன்ன வண்டி ஓட்டியிருக்கியா?"

"இல்லீங்க. புது ஆள்."

"இந்த வயசுலயா?" என்று அவன் சிரித்தான். நீங்களும் சிரித்தீர்கள். வருஷம் ஆனவர்களுக்குத் தனிக் கூலி வேண்டும் என்று கேட்ட வாயால் அதைச் சொன்னீர்கள், புது ஆள் கூலியும் வாங்கினீர்கள்.

தெரிந்த வேலையைத் தெரியாதது போலச் செய்ய வேண்டியிருந்தது. மீசை அரும்பின ஒருவன் நுகத்தடியில் கயிறு பூட்டச் சொல்லிக் கொடுத்தான். "அப்படி இல்ல பெருசு, இங்க பாரு" என்று உங்கள் கையைத் தட்டிவிட்டான். நீங்கள் வேண்டுமென்றே மறுபடியும் தப்பாகப் பூட்டினீர்கள். வீட்டுக்கு வந்து அதை எனக்கு நடித்துக் காட்டினீர்கள். இருவரும் சிரித்தோம். கோத்தா திங்கியில் நாம் சிரித்தது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

புது ஆளுக்குப் பழகாத காளையைக் கொடுப்பது எல்லா இடத்திலும் உள்ள வழக்கம். நீங்களும் ஒரு காலத்தில் அப்படிக் கொடுத்தவர்தான். ஆற்றுக்கு இறங்கும் சரிவில் அது மிரண்டது. மரம் முன்பக்கம் சரிந்தது. உங்களை ஒரு பலகையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார்கள். குழி வெட்டினார்கள். ஆனால் உங்கள் தலைமாட்டில் நின்று பேசிக்கொண்டதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

"பாவம், புது ஆளு. பழக்கம் இல்ல."

"பழைய வண்டிக்காரனா இருந்தா மாடு காதைத் தூக்கும்போதே குதிச்சிருப்பான்லா."

உங்களுக்குக் கயிறு பூட்டச் சொல்லிக் கொடுத்தவன், தான் சரியாகச் சொல்லிக் கொடுக்கவில்லை என்று தேம்பித் தேம்பி அழுதான். மண் தள்ளும்போது நீங்கள் மாற்றிச் சொன்ன பேரைத்தான் சொன்னார்கள்.

சித்தப்பா செய்ததில் என்ன தப்பு என்று சில நாள் எனக்குத் தோன்றும். செவலை அவரைப் பார்த்துக்கொண்டே செத்தது. அந்தப் புல்லை நீங்கள் மிதித்திருக்க வேண்டாம். மிதித்த காலை நான்தான் கழுவித் துடைத்தேன், புல் வாசனை போகவே இல்லை. இன்னொரு நாள் அப்படித் தோன்றாது.

அந்தக் கம்பியைப் பார்த்துக்கொண்டு நான் நின்றபோது, சித்தப்பா வண்டியிலிருந்து இறங்கி, மயிலைக்கு முன்னால் புல்லை உதறிப் போட்டுக்கொண்டிருந்தார். மயிலை கொழுத்திருந்தது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"தாயி, நீயா? எளச்சுப் போயிட்டியே. அண்ணன் சேதி காதுல விழுந்துச்சு. வரணும்னுதான் இருந்தேன், மாட்டைப் பாத்துக்க ஆளு இல்ல."

நான் கூடையைக் கீழே வைத்தேன்.

"இப்ப எங்களுக்கெல்லாம் தனிக் கூலி. தவறாம குடுக்கிறாரு. அண்ணன் புண்ணியம்னு நாங்க பேசிக்குவோம்."

வாசலில் கிடந்த ஒரு கல்லை எடுத்தேன். அச்சுக்கு அடியில் கையை விட்டு இரண்டு தட்டுத் தட்டினேன். நீங்கள் செய்து நான் பார்த்ததுதான். ஆணி மேலே எழும்பியது. கம்பிச் சுற்றைப் பிடித்து இழுத்து எடுத்தேன்.

"ஏய், வெளையாடாத தாயி. அது இல்லாம வண்டி எப்புடி நவுரும்?"

பின்னால் நின்ற வண்டிக்காரர் சத்தம் போட்டார். "அலமாக், என்னா முனியாண்டி, சின்னப்புள்ள ஆணியப் புடுங்குது, பாத்துக்கிட்டு நிக்கிற. எடுலா வண்டிய."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சித்தப்பாவும் சிரிக்கப் பார்த்தார். அதற்குள் என் கையில் இருந்த கம்பியைப் பார்த்துவிட்டார். அவர் நீட்டிய கை பாதியில் நின்றது.

"குடுத்துரு தாயி. முழுப் பாரம் நிக்குது. வெயில்ல பழம் நொந்துரும்."

நான் தரையைப் பார்த்தேன்.

"ஏதாச்சும் பேசு. திட்டவாச்சும் செய்."

ஆணியை இடுப்பில் செருகினேன். வண்டி மை பாவாடையில் ஒட்டியது. கூடையைக் கொட்டிவிட்டு உள்ளே போய், என் இடத்தில் உட்கார்ந்து, அடுத்த பழத்தை எடுத்துச் சீவினேன்.