குழாயடிக் கீரை

ஆவடி, புதன் இரவு.

குழாயடியில் தானாக முளைத்த செடியை மணத்தக்காளி என்று சொல்லி, பக்கத்து குவார்ட்டர்ஸ் மல்லிகா காலையில் எனக்கு ஒரு பிடி பறித்துத் தந்தாள். பூவும் இல்லை, காயும் இல்லை. கசக்கினால் குமட்டுகிற நாற்றம். ஊமத்தையாக இருக்குமோ என்று பயந்து, அவளுக்குத் தெரியாமல் குப்பையில் போட்டேன்.

சாயங்காலம் வந்து, "கீரை எப்டிக்கா இருந்துச்சு?" என்றாள்.

முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? "நல்லா இருந்துச்சு" என்று சொல்லித் தொலைத்தேன்.

"அப்போ மிச்சத்த நான் பறிச்சுகினு போறேன்க்கா. பாப்பாவுக்கு வாய்ப்புண்ணு. காலைல கூட்டு வெச்சுக் குடுக்கறேன்."

மொத்தத்தையும் கிள்ளிக்கொண்டு போனாள்.

அவள் புருஷனுக்கு முதல் ஷிப்ட். விடியுமுன்னே அடுப்பைப் பற்றவைத்துவிடுவாள். உண்மையைச் சொன்னால் என்னோடு பேசமாட்டாள். பேசாவிட்டால் போகட்டும். அவள் வீட்டில் இன்னும் விளக்கு எரிகிறது. போய்க் கதவைத் தட்டுகிறேன்.