நீங்கள் சொல்லாத வாக்கியம்

பாய்,

இன்று காலை என் போன் திணறி நின்றுவிட்டது. இடமில்லையாம், எதையாவது அழிக்க வேண்டுமாம். எப்படி இருக்கும் இடம்? இந்தச் சிங்கப்பூரில் பாதிப் பேர் எனக்குத்தானே காலை வணக்கம் அனுப்புகிறார்கள். ரோஜாப்பூ, சூரியன், ஆவி பறக்கும் காப்பி. நீங்கள் இருந்திருந்தால் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "பாதிப் பேரா ஓய்?" என்று கேட்டிருப்பீர்கள். சரி, இரண்டு குழுக்கள். ஒன்று நம் டிப்போவின் பழைய பஸ் ஓட்டுநர்கள், இன்னொன்று தெம்பனிஸில் எங்கள் அடுக்குமாடி புளோக் ஆட்கள். நாற்காலியைச் சன்னலோரம் இழுத்துப் போட்டு ஒவ்வொரு ரோஜாவாக அழித்துக்கொண்டே போனேன். நடுவில் அந்தப் படம் வந்தது.

பொன் நிறச் சட்டம், கறுப்பு எழுத்து, அடியில் உங்கள் பெயர். "என்னை நான் தெரிந்துகொண்டேன். இனிப் பயமில்லை." குவீன்ஸ்டவுன் வீட்டின் கூடத்தில் மாட்டிவிட்டு உங்கள் மகள் எடுத்து அனுப்பிய படம். 'அத்தா நம்மகூடவே இருக்கிற மாதிரி இருக்கு மாமா' என்று கீழே எழுதியிருந்தாள். என் விரல் அதன்மேல் நின்றது, அழுத்த வரவில்லை. அந்த வாக்கியத்தை நீங்கள் சொல்லவே இல்லை, பாய். நான் சொன்னது. அது எப்படி நடந்தது என்று உங்களிடம் முறையாகச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

தப்பு என் மேல்தான் தொடங்கியது. நூலகத்தில் மூத்தவர்களுக்காகத் தமிழில் ஒரு சிந்தனை வட்டம் நடக்கிறது, ஏர்கான் இருக்கும், பிஸ்கட்டும் இருக்கும், வாங்க என்று உங்களை இழுத்துக்கொண்டு போனவன் நான். நான் அஞ்சாம் வகுப்போடு நிறுத்தியவன். எனக்குச் சொல்லித்தர அதற்கு மேல் அவர்களிடம் எதுவும் இல்லை என்று நிறுத்தியவன். அதனால் தத்துவம் என்றால் எனக்கு ஒரு பயமும் இல்லை. அங்கே பேச வந்த அம்மாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது, கல்லூரியில் பாடம் எடுப்பவர். வட்டமாக உட்காரவைத்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "உங்க பேர், வேலை, குடும்பம் மூணையும் விட்டுட்டு, நீங்க யாருன்னு சொல்லுங்க."

முதல் ஆளாக எழுந்தேன். அந்தப் பெருமழை நாளைச் சொன்னேன். சாலை ஆறாகிவிட்டது, சன்னல் வரைக்கும் தண்ணீர், என் மாடி பஸ்ஸில் தொண்ணூறு பேர், ஒரு குழந்தைகூட அழவில்லை, என் முகத்தைப் பார்த்தே எல்லாருக்கும் தைரியம் வந்தது, அப்பேர்ப்பட்ட ஆள் நான் என்று முடித்தேன். கை தட்டினார்கள், பாய்! ஒரு பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார். நீங்கள் மட்டும் பிஸ்கட்டை உடைத்துக்கொண்டிருந்தீர்கள். அன்றைக்கு எனக்குப் பின்னால் அடுத்த பஸ்ஸை ஓட்டி வந்தவரே நீங்கள்தான். தண்ணீர் பாதி டயருக்கு மேல் ஏறவில்லை என்பதும், பஸ்ஸில் இருந்தது ஏழெட்டுப் பேர் என்பதும் உங்களுக்குத் தெரியும். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. உங்கள் முறை வந்தபோது எழுந்து, "தெரியலைங்கம்மா. யோசிச்சுட்டு வர்றேன்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டீர்கள். எனக்கு உங்களை நினைத்து வெட்கமாகிவிட்டது. மானத்தை வாங்கிவிட்டாரே மனிதர் என்று.

நீங்களோ உண்மையாகவே யோசிக்கத் தொடங்கிவிட்டீர்கள். ஃபேரர் பார்க் காப்பிக்கடையில் செவ்வாயும் சனியும் உட்காருவோமே, நாலு மாதம் அதே பேச்சு. நான் சீண்டுவேன்.

"என்ன பாய், கண்டுபிடிச்சாச்சா? நான் அஞ்சு நிமிஷத்துல பதில் சொல்லிட்டேன்."

"நீரு எங்க ஓய் பதில் சொன்னீரு? மழையைப் பத்தில்ல சொன்னீரு."

"கை தட்டுனாங்கல்ல?"

"மழைக்குத் தட்டுனாங்க."

ஒரு நாள் நீங்களாகவே ஒன்று சொன்னீர்கள். ஓய்வுபெற்ற அன்று டிப்போவில் சீருடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எம்ஆர்டி ரயிலில் வீட்டுக்குப் போனீர்களாம். ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்ததாம். "யாருக்குக் குடுக்குதுன்னு பின்னாடி திரும்பிப் பாத்தேன் ஓய். ஒருத்தரும் இல்ல. எனக்குத்தான். சட்டையைக் கழட்டிட்டு வந்தவன் யாருன்னு அந்தப் புள்ளைக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியலை." அதைச் சொல்லிவிட்டு நீங்கள் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன்.

இன்னொரு சனிக்கிழமை, நான் ஜோகூர் பாலத்து நெரிசலைத் தாண்டி ஒரு மணமக்கள் ஜோடியை முகூர்த்தத்துக்குச் சரியாகக் கொண்டுபோய் இறக்கிய கதையில் பாதியில் இருக்கும்போது, கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னீர்கள். "நீரு பொய்க்காரரு இல்ல ஓய். உம்ம கதையில எப்பப் பாத்தாலும் ஒரு கூட்டம் இருக்கு. வீட்டுக்குப் போனா ஒருத்தரும் இல்ல. அதான் வழியிலயே ஆளைச் சேத்துக்கிட்டுப் போறீரு." நான் உடனே கடைக்காரம்மாவைக் கூப்பிட்டு இன்னொரு இஞ்சித் தேநீர் சொன்னேன், தொண்டை சரியில்லை என்று. அடுத்த இரண்டு வாரம் வரவில்லை. காய்ச்சல் என்றேன். காய்ச்சல் இல்லை, பாய்.

பிறகு நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். உங்கள் மகள் தினமும் போன் செய்தாள். "அத்தா உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருக்காங்க மாமா." முழங்கால் வலி என்றேன். மழை என்றேன். எட்டாம் நாள் சாயங்காலம் புறப்பட்டு வந்துவிட்டேன். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினேன், எதிரில் லிஃப்ட் தெரிந்தது, நீங்கள் ஏழாம் மாடி. நான் பஸ் நிறுத்தத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். மேலே வந்தால் என் முகத்தைப் பார்ப்பீர்கள். ஏதாவது சொல்ல வேண்டும். என்னிடம் இருப்பதெல்லாம் மழையும் மணமக்களும்தான். சாகக் கிடக்கும் உங்கள் முன்னால் அதைச் சொல்ல வாய் வராது, அதில்லாமல் வேறு என்ன சொல்வது என்றும் தெரியாது. பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

மறுநாள் விடியற்காலை நீங்கள் போய்விட்டீர்கள்.

மூன்றாம் நாள் ஃபாத்திஹா ஓதியபோது உங்கள் வீட்டில் இருந்தேன். எல்லாரும் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு உங்கள் மகள் என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள். கடைசி நாள் சாயங்காலம், குளித்துத் தொழுதுவிட்டு வரலாம் என்று இரண்டு மணி நேரம் அவள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். திரும்பிப் போனபோது உங்களுக்குப் பேச்சு நின்றிருந்தது. "அந்த ரெண்டு மணி நேரம் அத்தா தனியா கிடந்திருப்பாங்க மாமா. எதாச்சும் சொல்லணும்னு நெனச்சிருந்தா யார்கிட்டச் சொல்லியிருப்பாங்க?"

"என்கிட்டச் சொன்னாரும்மா" என்றேன். "நான் இருந்தேன்."

அதைச் சொன்னது கருணையா, பழக்கமா? இத்தனை நாள் யோசித்தும் எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அவள் முகம் மலர்ந்தது, அவ்வளவுதான் தெரியும். பிறகு வாய் அதுவாக ஓடியது. கையைப் பிடித்துக்கொண்டீர்கள், அந்த வட்டத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்றீர்கள், அப்புறம் அந்த வாக்கியம். சொல்லும்போதே எனக்கு அது பிடித்துப்போயிற்று, பாய். அதுதான் பெரிய வெட்கம். உங்களைப் புதைத்து மூன்றாம் நாள், நல்ல வாக்கியமாக வந்துவிட்டதே என்று உள்ளே ஒருவன் தலையாட்டினான்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் குவீன்ஸ்டவுனில் எனக்கு மதியச் சாப்பாடு. மீன் ஆணமும் சோறும். மனைவி போனபின் எனக்கென்று ஒரு தட்டு வைத்துக் காத்திருக்கும் வீடு அது ஒன்றுதான். "வேற என்ன மாமா சொன்னாங்க?" என்று கேட்பாள். வெறுங்கையோடு போக முடியுமா? வாரம் ஒரு வாக்கியம் கொண்டுபோனேன். ரயிலில் உட்கார்ந்து, உங்கள் குரலில், உங்கள் நிதானத்தில் யோசித்து வைத்துக்கொள்வேன். உங்கள் பள்ளிவாசலில் அந்த முதல் வாக்கியத்தைப் பேசிக்கொண்டார்கள். சிந்தனை வட்டத்து அம்மா பலகையில் எழுதிப்போட்டார். வாழ்க்கையில் எனக்கு இவ்வளவு கூட்டம் சேர்ந்ததே இல்லை.

ஒரு சனிக்கிழமை அவள் பரிமாறிக்கொண்டிருந்தவள் கரண்டியோடு நின்றுவிட்டாள்.

"மாமா, எனக்கு ரொம்பப் பயமா இருக்கு. ராத்திரி பகல்னு இல்ல, சும்மா இருக்கும்போதே நெஞ்சு அடைக்குது. நானும் ஒருநாள் அப்படிப் படுப்பேன்லனு. சுவத்துல மாட்டுனதை வாசிச்சு வாசிச்சுப் பாக்கறேன். அத்தா பயமில்லன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அவங்க மகளுக்கு மட்டும் ஏன் இப்படி? என்கிட்ட எதோ குறைன்னு தோணுது மாமா."

நான் செய்த வாக்கியம் அவளை எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது பாருங்கள். இல்லாத ஒரு தகப்பனோடு தன்னை ஒப்பிட்டு அந்தப் பெண் குறுகிப்போகிறாள். வாயை மூடிக்கொண்டால் தட்டு எனக்கு இருக்கும். திறந்தால் போய்விடும். இரண்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. எங்கிருந்தோ பெரிய துணிச்சல் வந்தது என்றெல்லாம் எழுத ஆசைதான். அப்படி ஒன்றும் இல்லை. கையைத் தட்டில் வைத்தபடியே சொன்னேன்.

"அம்மாடி, உங்க அத்தாவுக்குப் பயம் இருந்துச்சா இல்லையான்னு எனக்குத் தெரியாது. நான் வரவே இல்லை."

"எங்க வரலை?"

"மேல. ஏழாம் மாடிக்கு. கீழ பஸ் ஸ்டாப்புல உக்காந்திருந்தேன். அவரு எதுவும் சொல்லலை. எல்லாம் நான் சேர்த்தது."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "எவ்வளவு நேரம் உக்காந்திருந்தீங்க?"

"மூணு மணி..." என்று வாய் கிளம்பிவிட்டது, பாய். பிடித்து நிறுத்தினேன். "நாப்பது நிமிஷம்மா. ரெண்டு பஸ்ஸை விட்டேன். மூணாவதுல ஏறிட்டேன்."

அடுப்படிக்குப் போனாள். குழாய் ரொம்ப நேரம் ஓடியது. திரும்பி வந்து, "ஆறிடப் போகுது, சாப்பிடுங்க" என்றாள். சாப்பிட்டேன். லிஃப்ட் வரைக்கும் கூடவே வந்தாள்.

"அப்ப அத்தா தனியாத்தான் இருந்திருக்காங்க."

"ஆமாம்மா."

"பயந்துகூட இருக்கலாம்."

"இருக்கலாம்மா. தெரியாது."

லிஃப்ட் கதவு திறந்தது. "அடுத்த வாரம் வர வேணாம் மாமா. நானே கூப்பிடறேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஆறு சனிக்கிழமை ஆகிவிட்டது. கூப்பிடவில்லை. அந்தச் சட்டம் இன்னும் சுவரில் இருக்கிறதா என்று தெரியாது.

இப்போது நான் என்ன செய்கிறேன் என்றால், நீங்கள் செய்ததைச் செய்து பார்க்கிறேன். தெம்பனிஸ் வீட்டில் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு உட்காருகிறேன். குளிர்பெட்டி உறுமும், அடங்கும். பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பம் சிரிக்கும். பேர் இல்லை, வேலை இல்லை, குடும்பம் இல்லை. சரி, யாரப்பா உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டுப் பார்ப்பேன். முதல் வாரம் வந்த பதிலைக் கேட்டால் சிரிப்பீர்கள். சிங்கப்பூரிலேயே என்னைப்போல் ஒரு கோழை கிடையாது என்று தோன்றியது. பாருங்கள், அதிலும் எனக்கு முதலிடம்! அதையும் கழற்றி வைக்க வேண்டியதாயிற்று. கழற்றக் கழற்ற உள்ளே பெரிதாக யாரும் இல்லை, பாய். நண்பன் கூப்பிட்டபோது கால் எழாத ஒரு சாதாரண ஆள். அவனோடு ஒரு வீட்டில் இருப்பது கஷ்டமாகத்தான் இருக்கிறது. பேச மாட்டேன் என்கிறான். ஆனால் அவனைப் பார்த்து நான் ஓடவில்லை, இதுவரைக்கும்.

போன செவ்வாய்க்கிழமை காப்பிக்கடைக்கு நம் டிப்போ ஆள் ஒருவர் வந்தார், நான் வேலை சொல்லிக்கொடுத்துப் பெரிய ஆளாக்கியவர். சரி, இரண்டு நாள் வழி காட்டினேன். நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டார்.

"அண்ணே, பாய் போகும்போது நீங்கதான் கூட இருந்தீங்களாமே? என்னமோ பெரிய வார்த்தை சொன்னாராமே. முழுசா சொல்லுங்கண்ணே, உங்க வாயால கேக்கணும்."

கதை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. கை, கேள்வி, பதில், எல்லாம் வரிசையாக நின்றது. "நான் போகலை தம்பி" என்றேன். "அவரு என்ன சொன்னாருன்னு எனக்குத் தெரியாது."

அவர் காத்திருந்தார். நான் ஒரு வாக்கியத்தோடு நிறுத்துவேன் என்று யார் நம்புவார்கள்? கோப்பையைக் காலி செய்து, வேலை இருக்கிறது என்று எழுந்து போய்விட்டார்.

நான் போகலை, பாய். ரயிலில், பஸ்ஸில், மார்க்கெட்டில் எங்கே போனாலும் இந்த ஒரு வாக்கியம் என்கூட வருகிறது. இதில் நான் எதையும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.