சாயங்கால மிளகு முட்டை

அண்ணா,

இன்று குமணன்சாவடியில் பேருந்துக்கு நின்றபோது, தள்ளுவண்டிக்காரர் அவித்த முட்டையைப் பிளந்து மிளகுத்தூள் தூவினார். தும்மலோடு உங்கள் ஞாபகமும் வந்தது. தனியாக நின்று சிரித்தேன்.

குடியை விட்டவர்களுக்காகக் கோவில்பதாகையில் நான் நடத்தும் உணவு வகுப்புக்கு ஒர்க்‌ஷாப் சட்டையோடு வந்து கடைசி நாற்காலியில் உட்காருவீர்கள். சாயங்காலப் பசியும் குடிக்கத் தூண்டும், இருட்டுவதற்குள் முட்டையோ சுண்டலோ சாப்பிட்டுவிடுங்கள் என்று ஒருநாள் சொன்னேன். "பசிக்குதா, சரக்கு கேக்குதான்னே தெரியாம இத்தினி வருசம் ஓட்டிட்டேனே டீச்சர்" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள்.

அன்று மாலையே பூந்தமல்லி வீட்டில் முட்டை அவித்து, வெங்காயம் நறுக்கி, மிளகு தூவி, தட்டோடு மூலையில் உட்கார்ந்துவிட்டீர்கள். வேலை முடிந்து வந்த அக்கா, உங்கள் மனைவி, வாசலிலேயே நின்றுவிட்டார். அந்த மணத்துக்கு உங்கள் வீட்டில் ஒரே அர்த்தம்தான்: பாட்டில் திறந்தாயிற்று. இன்னொரு முறை குடித்தால் பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்றிருந்தவர், பையை எடுத்துத் துணிகளை அடைக்கத் தொடங்கினார்.

பதறிப்போய் எனக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டீர்கள். "நான்தாங்க சாப்பிடச் சொன்னேன்" என்றேன்.

"இன்னாயா, சைடிஷ் துன்னவும் டீச்சர் பர்மிசனா?" அக்காவின் குரல் சீறியது. "எங்க, ஊது."

நீங்கள் ஊதியது எனக்கே கேட்டது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"வெங்காயம்தான் நாறுது" என்றார் அக்கா. கொஞ்ச நேரம் கழித்து, எதையோ மென்றபடி: "உப்பே போடல. இத்த எப்பிடியா துன்ற?"

"கொறைக்கச் சொல்லிகீறாங்கடி" என்றீர்கள் நீங்கள், பெருமையாக.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் அக்காவுக்கும் ஒரு தட்டு வைத்தீர்கள். மாரடைப்பு உங்களைக் கொண்டுபோகும்வரை ஒரு சொட்டுகூடத் தொடவில்லை. சாவு வீட்டில் அக்கா வந்தவர்களிடமெல்லாம் அழுகையை நிறுத்தி நிறுத்தி அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போதெல்லாம் முதல் வகுப்புக்கு வீட்டில் இருப்பவர்களையும் வரச் சொல்கிறேன், அண்ணா. அடுப்பிலிருந்து என்ன மணம் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். போன வாரம் ஒரு பெண், கணவரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே, "இருந்தாலும் வாய மோந்து பாக்கலாமா டீச்சர்?" என்று கேட்டாள்.

"தாராளமா பாருங்க" என்றேன். "பாத்துட்டு, பக்கத்துல உக்காந்து நீங்களும் சாப்பிடுங்க."