கையெழுத்துப் போடாத தம்பி

புக்கிட் பாஞ்சாங்
14 ஏப்ரல் 2025

அன்புத் தம்பி ஸைஃபுக்கு,

லாத்தாவின் ஸலாம். சாதியாவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். பெருநாளைக்கு நீ கொண்டுவந்த குவே லாப்பிஸ் கேக்கை உன் மச்சான் ஒருவரே தின்று தீர்த்துவிட்டார். இனிப்பு கூடாது என்று சொன்ன டாக்டரும் நீதான், வாங்கி வந்தவனும் நீதான். உன்னை யார் கேட்பது!

லாத்தா ஏன் தபாலில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். எங்களுடையது மூன்றறை வீடு. போனில் பேசினால் ஹாலில் கட்டிலில் கிடப்பவர் காதில் அப்படியே விழும். வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால், பொழுது போகாமல் என் போனையும் அவரே எடுத்துப் பார்க்கிறார். இதை என் மகள் இன்ஷா காலேஜுக்குப் போகிற வழியில் பெட்டியில் போடுவாள்.

விஷயம் அவரைப் பற்றித்தான். பக்கவாதம் வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. வலது கையும் காலும் இன்னும் அவர் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. குளிப்பாட்டுவது, உடுத்திவிடுவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது எல்லாம் நான்தான். சிராங்கூன் சாலை நகைக்கடையில் டை கட்டிக்கொண்டு நின்ற மனிதர். நான் பட்டன் போட்டுவிடும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறார். என் இடுப்பு வலியை அவரிடம் சொல்லவில்லை. இன்ஷா கண்டுபிடித்துவிட்டாள். நர்சிங் படிப்பை நிறுத்திவிட்டு வீட்டிலேயே இருக்கிறேன் என்கிறாள். நல்ல பிள்ளை, அதனால்தான் பயமாக இருக்கிறது. சொன்னதைச் செய்துவிடுவாள்.

உடல் முடியாதவர்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை கொடுக்கிறார்களாமே. அது கிடைத்தால் பகலில் ஓர் ஆளை வைத்துக்கொள்ளலாம். அதற்கு டாக்டர் ஒருவர் வீட்டுக்கு வந்து பார்த்து எழுத வேண்டுமாம். அப்படிப் பார்க்கிற டாக்டர்களில் நீயும் ஒருத்தன் என்று இன்ஷா சொன்னாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வேறு யாரைக் கூப்பிடப்போகிறேன்? வந்து பார்த்து ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ. மீன் ஆணம் வைத்துச் சோறு போடுகிறேன்.

உன் லாத்தா
நஃபீசா


தோ பாயோ
18 ஏப்ரல் 2025

பிரியமுள்ள லாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதத்தை முதலில் எடுத்தது சாதியாதான். "கையால எழுதின லெட்டர் லா! யாரு அவ?" என்று வாசலிலேயே விசாரணை ஆரம்பித்துவிட்டாள். உங்கள் கையெழுத்து என்று தெரிந்த பிறகுதான் எனக்குச் சாப்பாடு கிடைத்தது.

லாத்தா, இடுப்பு வலியை ஏன் என்னிடம்கூட மறைத்தீர்கள்? அதற்குத் தனியாகச் சண்டை போட வேண்டும்.

ஆனால் மச்சானை நான் பார்த்து எழுத முடியாது. சொந்தக்காரர்களை நாங்கள் மதிப்பிடக் கூடாது. அப்படி ஒரு விதியே இல்லாவிட்டாலும் நான் செய்ய மாட்டேன். கோபப்படாமல் கடைசி வரை படியுங்கள்.

போன மாதம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த மனிதருக்குக் கஷ்டம் இருந்தது. ஆனால் உதவித்தொகைக்குக் கேட்கிற அளவுக்கு இல்லை. இல்லை என்றுதான் எழுத வேண்டியிருந்தது. அவர் மனைவி லிஃப்ட் வரைக்கும் கூடவே வந்தார். "டாக்டர், இதே உங்க வீட்டு ஆளா இருந்தாலும் இப்படித்தான் எழுதுவீங்களா?" என்று கேட்டார். "ஆமாம்மா" என்றேன். அவர் நம்பிவிட்டார்.

மச்சானைப் பற்றி நான் எழுதினால் உண்மையைத்தான் எழுதுவேன். ஆனால் உண்மைக்காக எழுதினேனா, லாத்தாவின் மீன் ஆணத்துக்காக எழுதினேனா என்று யாருக்குத் தெரியும்? சத்தியமாக எனக்கே தெரியாது.

வேறு ஒரு டாக்டரைக் கூப்பிடுங்கள். யாரை என்று நான் சொல்ல மாட்டேன். யாராக இருந்தாலும் நியாயமாகத்தான் பார்ப்பார்கள்.

உங்கள் தம்பி
ஸைஃப்


புக்கிட் பாஞ்சாங்
2 ஜூன் 2025

ஸைஃபுக்கு,

நீ சொன்னபடியே வேறு டாக்டரைக் கூப்பிட்டேன். லீலா என்று ஒரு பெண் வந்தார். உன்னோடு படித்தவர் என்று அப்புறம்தான் தெரிந்தது. மரியாதையான பெண், குறை சொல்ல மாட்டேன்.

உன் மச்சான் விடிந்ததுமே இன்ஷாவை எழுப்பி ஷேவ் செய்துவிடச் சொன்னார். கடைக்குப் போட்டுப்போகிற நீலச் சட்டையை இஸ்திரி போடச் சொன்னார். வீட்டுக்கு ஒரு டாக்டர் வருகிறார், கசங்கிய சட்டையோடு எப்படி இருப்பதாம்.

"சார், இந்தச் சட்டையை நீங்களே போட்டுக் காட்டுறீங்களா?" என்று அந்தப் பெண் கேட்டார். இடது கையால் இழுத்து, பல்லால் கடித்து, தலையிலிருந்து வேர்வை கொட்டக் கொட்ட அத்தனை பட்டனையும் போட்டுவிட்டார், ஸைஃபு. இந்த ஒரு வருஷத்தில் அவர் ஒரு நாள்கூட அப்படிச் செய்ததில்லை. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறச் சொன்னால், கைப்பிடியைப் பிடித்துத் தன்னைத்தானே இழுத்துப் போட்டுக்கொண்டார். "எல்லாம் ஓகே லா டாக்டர், நானே செஞ்சுக்குவேன்" என்று சிரிப்பு வேறு. நான் வாயைத் திறக்கப் போனேன். ஒரு பார்வை பார்த்தார். மூடிக்கொண்டேன்.

அந்தப் பெண் போன பிறகு தோள் வீங்கி, தண்ணீர்க் கோப்பையைக்கூடப் பிடிக்க முடியாமல் கிடந்தார். இப்போது பதில் வந்திருக்கிறது. தகுதி இல்லையாம்.

அந்த லீலாவிடம் ஒரு வார்த்தை சொன்னாயா? பொய் சொல்லச் சொல்லவில்லையே. 'எங்க மச்சானுக்கு முடியாது, ஆனா முடியும்னு சொல்லுவாரு' என்று இந்த ஒரு வார்த்தை. ஊரில் யார் யார் வீட்டுக்கோ போகிறாய். உன் லாத்தா வீட்டுக்கு மட்டும் உனக்கு விதி குறுக்கே வருகிறது. இன்ஷா இன்று காலேஜுக்குப் போகவில்லை.

டாக்டராக வர முடியாதவன் தம்பியாக மட்டும் எதற்கு வர வேண்டும்? வராதே.

நஃபீசா


தோ பாயோ
6 ஜூன் 2025

அன்புள்ள லாத்தாவுக்கு,

லீலாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. லாத்தாவிடம் பொய் சொல்ல எனக்கு வராது, அதனால் இதை முதலில் எழுதுகிறேன்.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் அதற்கப்புறம் மச்சானைப் பார்த்திருக்க மாட்டார். என் மச்சானைப் பார்த்திருப்பார். ஒரு வார்த்தை சொல்ல டாக்டர் தம்பி இல்லாத வீடுகள் என்ன செய்யும்? அவர் தன் கண்ணால் பார்த்ததை எழுதியிருக்கிறார். பார்க்க வேண்டியதில் பாதி மறைந்து போனது அவர் தப்பில்லை, மச்சான் தப்பும் இல்லை.

மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வேறு டாக்டர் வருவார். இப்போது எழுதப்போவதை நான் எல்லா வீட்டிலும் சொல்கிறேன், தம்பி என்பதற்காக உங்களுக்கு மட்டும் சொல்லவில்லை. வருகிறவரிடம் நல்ல நாளைக் காட்டாதீர்கள். சாதாரண நாளைக் காட்டுங்கள். முன்கூட்டியே ஷேவும் இஸ்திரியும் வேண்டாம். மச்சான் ஒரு பார்வை பார்த்தாலும் நீங்கள் வாயைத் திறந்து பேசுங்கள். கூட இருந்து கவனிக்கிறவர் சொல்வதையும் நாங்கள் கேட்டாக வேண்டும்.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் ஒரு வீட்டுக்குப் போனேன். வயதானவர், வாசனைத் திரவியமெல்லாம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சொன்னதையெல்லாம் செய்து காட்டினார். அவர் மனைவி ஒன்றும் பேசாமல் சமையலறைக்குள் போனார். வழக்கமாக அத்தோடு நான் கிளம்பியிருப்பேன். அன்றைக்குத் தண்ணீர் கேட்கிற சாக்கில் பின்னாலேயே போனேன். அந்த அம்மா நிறையப் பேசினார். அதனால் என்ன எழுதினேன் என்று உங்களிடம் சொல்லக் கூடாது. கேட்டேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

வராதே என்று எழுதியிருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை வருவேன். பேனா கொண்டுவர மாட்டேன். மச்சானைக் குளிப்பாட்டிவிட்டுப் போய்விடுவேன், உங்கள் இடுப்புக்கு ஒரு நாளாவது ஓய்வு. கதவு திறக்காவிட்டால் கீழே காப்பிக்கடையில் ஒரு தே குடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன்.

உங்கள் தம்பி
ஸைஃப்


தோ பாயோ
30 ஜூன் 2025

லாத்தாவுக்கு,

நேற்றும் வந்தேன். கதவைத் தட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே உங்கள் செருப்புச் சத்தம் வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போனது. பரவாயில்லை. காப்பிக்கடைக்காரர் இப்போதெல்லாம் நான் கேட்காமலே இஞ்சி போட்ட தே ஹாலியாவைக் கொண்டுவந்து வைத்துவிடுகிறார். "வீட்டுல யாரும் இல்லையா பாய்?" என்று கேட்டார். இருக்கிறார்கள் என்றேன்.

வரும் ஞாயிறும் வருவேன். தைலம் தேய்த்துக்கொள்ளுங்கள், லாத்தா. குனிந்து எதையும் தூக்காதீர்கள்.

ஸைஃப்


புக்கிட் பாஞ்சாங்
22 ஆகஸ்ட் 2025

என் அருமைத் தம்பிக்கு,

ஸலாம். ஞாயிற்றுக்கு ஞாயிறு நேரில் பார்க்கிற தம்பிக்கு லாத்தா எதற்கு மறுபடி எழுதுகிறாள்? நீ வரும்போது அவரும் கூடவே இருக்கிறார். இதையெல்லாம் அவர் முன்னால் சொன்னால் கூச்சப்படுவார்.

முதல் தடவை கதவு திறந்தது என்னால் இல்லை, தெரியுமா? நீ தட்டிய சத்தம் கேட்டு, "யாரு வாசல்ல? மாப்ளே தானே? எத்தனை வாரமா நிக்க வச்சிருக்கே?" என்று கட்டிலிலிருந்து சத்தம் போட்டார். எல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. உன் கடிதங்களை அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தது என் முட்டாள்தனம். இன்ஷாவை எடுத்துவரச் சொல்லிப் படித்திருக்கிறார்.

மறுபடி ஒரு டாக்டரைக் கூப்பிடலாம் என்று நான் சொன்னபோது கத்தினார். "நான் முடியாதவன் மாதிரி நடிக்கணுமா?" என்றார். எனக்கும் ஆத்திரம் வந்துவிட்டது. "நடிக்க வேணாம். அன்னைக்குத்தான் நடிச்சீங்க" என்றேன். அப்படி நான் அவரிடம் பேசியதே இல்லை. அன்று சாயங்காலம் கஞ்சி ஊட்டும்போது அவராகவே சொன்னார்: "அந்தப் பொண்ணு முன்னாடி முடியாதுன்னு சொல்ல எனக்கு வாய் வரல நஃபீசா. சொல்லிட்டா அது நிஜமாயிடுமோன்னு இருந்துச்சு."

அப்புறம் வந்தவர் பெயர் அண்ணாதுரை. கொஞ்சம் வயதானவர், அதிகம் பேசவில்லை. சட்டையைக் கொடுத்தார். ஒரு கையை நுழைத்ததும் உன் மச்சான் நிறுத்திவிட்டார். "இதுக்கு மேல முடியாது டாக்டர். தினமும் இவதான் போட்டுவிடுவா" என்றார். எவ்வளவு கஷ்டப்பட்டுச் சொன்னார் என்று எனக்குத்தான் தெரியும். டாக்டர் என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்கம்மா" என்றார். சொன்னேன். இடுப்பு வலியையும் சேர்த்து, உன் மச்சான் காதில் விழச் சொன்னேன்.

டாக்டர் கிளம்பும்போது இன்ஷா சும்மா இருக்காமல், "எங்க மாமாவும் டாக்டர்தான் சார்" என்று ஆரம்பித்தாள். அவர் சட்டென்று கையை உயர்த்தினார். "பேரைச் சொல்லாதம்மா. எனக்குத் தெரிய வேணாம்" என்று சொல்லிவிட்டு, சிரித்தபடி செருப்பை மாட்டிக்கொண்டார். எனக்கு உன் முகம்தான் ஞாபகம் வந்தது. அவர் என்ன எழுதினாலும் அது எங்களைப் பார்த்து எழுதியது என்று அப்போது ஒரு நிம்மதி வந்தது. இல்லை என்று எழுதியிருந்தால் அழுதிருப்பேன், ஆனால் யார் மேலும் கோபப்பட்டிருக்க மாட்டேன்.

நேற்று பதில் வந்தது. கிடைத்துவிட்டது, தம்பி. அல்ஹம்துலில்லாஹ். அடுத்த மாதத்திலிருந்து பகலில் ஒரு பெண் வருவாள். இன்ஷா விட்டுப்போன பாடங்களை எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு திட்டிக்கொண்டே படிக்கிறாள். உன்னிடம் நான் எழுதிய அந்த வார்த்தைகளை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அதை நீ படித்துவிட்டு வந்து வாசலில் நின்றாயே.

குளிப்பாட்ட ஒரு ஆண்பிள்ளையைத் தனியாக ஏற்பாடு செய்யலாம், நீ ஏன் தோ பாயோவிலிருந்து அலைய வேண்டும் என்று இன்று காலை அவரிடம் கேட்டேன். உன் மச்சான் என்ன சொன்னார் தெரியுமா? அப்படியே எழுதுகிறேன்:

"மத்த நாளைக்கு யார் வேணா வரட்டும். ஞாயித்துக்கிழமை மாப்ளேதான். அவன் டாக்டரா வந்து எழுதியிருந்தா, அவன் முன்னாடி நான் எப்படி சட்டையைக் கழட்டுவேன்? இந்த வீட்டுக்கு வந்த டாக்டருங்கள்லயே எனக்கு மார்க் போட வராதவன் அவன் ஒருத்தன்தான்."

என்றும் உன் லாத்தா
நஃபீசா