ஈடீடீஏ போடாமல் ஒருமுறை

கல்முனைக்குடி,
வெள்ளிக்கிழமை.

அன்புத் தோழி விதுசாவுக்கு,

ஆலையடிவேம்பில் நீயும் அம்மா அப்பாவும் சுகமாக இருக்க அல்லாஹ்விடம் கேட்டபடி எழுதுகிறேன். நான் இருக்கிறேன். அதற்கு மேல் என்னைப் பற்றிச் சொல்லத் தெரியவில்லை. என் போனைக் கூடப்பிறந்த றிம்சான் காக்காவே வாங்கி வைத்திருக்கிறார். துக்கத்தில் இருப்பவளுக்கு ஓய்வு வேண்டுமாம். அதனால்தான் இந்தக் கடிதம், உன்னோடு கம்பஸுக்கு வரும் ஸம்ஸியாவின் கையில்.

றமீஸ் மௌத்தான அன்று நீ என் பக்கத்தில் இருந்ததை மறக்க மாட்டேன். இத்தா என்றால் என்னவென்று உன் அம்மா கேட்டாவாம். புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வெள்ளை உடுத்து வீட்டோடு இருப்பது என்று சொல்லு. அவருக்காக இருப்பதில் எனக்கு ஒரு குறையுமில்லை. இன்னும் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் அவர்தான் என்று எழும்பி விடுகிறேன். எழும்பினால் போக இடமில்லை. ஜன்னலுக்கும் திரை போட்டாயிற்று. சீதன வீடு என் பெயரில்தான் இருக்கிறது, ஆனால் கேட் பூட்டின் திறப்பு காக்காவின் சட்டைப் பையில். அவர் தான் இருக்கும் மதினி வீட்டிலிருந்து காலையும் மாலையும் வந்து பூட்டைப் பார்த்துவிட்டுப் போகிறார்.

அவசியத்துக்குப் பகலில் போய் வரலாம் என்று மௌலவி உம்மாவிடம் சொன்னார். “மௌலவி சொல்லுவார், ஊர் வாய ஆரு மூடுற?” என்றார் காக்கா. சரி, இத்தா முடியட்டும் என்று பொறுத்திருந்தேன். இப்போது, “முடிஞ்சாலும் நீ லேப்புக்குப் போகத் தேவல்ல புள்ள, உன்ட சாமான் வேலை செய்யல்லையாமே” என்கிறார்.

அவரே நம் பேராசிரியருக்குப் போன் எடுத்துக் கேட்டிருக்கிறார். நீ செய்த பரிசோதனையில் நீலம் வந்துவிட்டதாம். என் நிக்கல் சேர்வை, உடம்பிலுள்ள நொதியத்தைப் போல, சாயத்தை நீலமாக்கும் அந்தக் கெட்ட ஒட்சிசனை அழித்திருந்தால் நீலம் வந்திருக்கக் கூடாது. மாதக் கடைசிக்குள் நல்ல முடிவு இல்லாவிட்டால் என் ஆய்வு இடம் வேறொருவருக்காம். கேட்டு அழுதேன். பிறகு கோபம் வந்தது. பிறகு யோசித்தேன். இங்கே யோசிக்க மட்டும் யாரும் தடை போடவில்லை.

விதுசா, நீ கறிக்கு உப்பையும் அளந்து போடுகிறவள். புத்தகத்தில் உள்ளபடி ஈடீடீஏயும் போட்டிருப்பாய். அதுதான் காரியத்தைக் கெடுத்திருக்கிறது. அது கண்ட உலோகத்தையெல்லாம் பிடுங்கும், நம் சேர்வையிலிருந்து நிக்கலையும் பிடுங்கியிருக்கும். பிடுங்கின நிக்கல் ஒன்றுக்கும் உதவாது. நான் செய்தபோது அதை விட்டுவிட்டேன். உனக்குச் சொல்ல முன் எல்லாம் நடந்துவிட்டது. அதைப் போடாமல் ஒருமுறை செய். வெறும் நிக்கல் உப்பையும் தனிக் குழாயில் வை. அதில் நீலம் வர வேண்டும், நம் செங்கல் நிறக் கரைசலில் வரக் கூடாது. அப்போது பேராசிரியரும் வாய் திறக்க மாட்டார்.

சேர்வைக்குள் நிக்கலைப் பிடித்து வைத்தால்தான் அது வேலை செய்யும். எனக்கு அப்படியில்லை என்று காக்காவுக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

உம்மா என் பக்கம்தான், ஆனால் மகனென்றால் அவவுக்குப் பயம். இத்தா முடிகிற காலையில் நான் உடுத்த மெஜந்தாச் சேலை ஒன்று எடுத்து வைத்திருக்கிறா. அன்றைக்கு உன் அப்பாவின் ஓட்டோவில் வந்து கேட் அடியில் நின்று ஹோன் அடி. விடாமல் அடி. அக்கம்பக்கம் எட்டிப் பார்க்கும். ஊர் வாய்க்குப் பயந்த மனுசன் திறக்கத்தான் வேண்டும். லேப்பில் தொங்கும் என் வெள்ளைக் கோட்டையும் கொண்டு வா. சேலைக்கு மேல் அதைப் போட்டுக்கொண்டுதான் வாசல் இறங்குவேன்.

உன் கைக்கு அல்லாஹ் பறக்கத் தரட்டும். நீலம் வந்தாலும் நீ வா.

துஆவுடன்,
உன் றுக்ஸானா