கிணற்றுக்கு வரைந்த எழுத்து

வெள்ளவத்தை,
9-6-1938

அன்புள்ள தம்பி நாகேந்திரத்துக்கு,

வாசிக்கத் தெரியாத ஒருவர் ஒரு நோட்டீசில் எதைப் பார்க்கிறார்? பட்டம் பெற்று இருபது வருடத்துக்கு மேல் படிப்பித்தும் எனக்கு இதற்கு விடை தெரியவில்லை.

பாமன்கடையில் இடியப்பம் அவித்து விற்கும் பஹ்மியாவை நீ அறியாய். அவளுடைய மகள் றஸ்மியா என் வகுப்புப் பிள்ளை. கெட்ட தண்ணீரால் வரும் நெருப்புக்காய்ச்சல் கண்டு ஒன்பது நாளாக ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். நேற்றுப் பார்த்தேன். என்னை அடையாளம் தெரியவில்லை.

போன வருடம் மேற்குக் கிணற்றில் 'இத்தண்ணீரைக் குடிக்க வேண்டாம்' என்று நம் நோட்டீசை ஒட்டியபோது, "இந்தச் சரிஞ்ச எழுத்துப் போட்டா குடிக்கப்படாது" என்று ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிந்தவள் பஹ்மியாதான். அவளுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. இம்முறை கிழக்குக் கிணற்றில் அதே நோட்டீஸ் ஒரு மாதமாக இருக்கிறது. அதன் கீழே நின்றுதான் அள்ளிக் குடித்திருக்கிறார்கள். ஏன் என்று பஹ்மியாவை அவள் வீட்டில் கேட்டேன்.

"எல்லாச் செவத்துலயும் அந்த எழுத்துதானே ஈக்கி டீச்சர். இதுவும் படம்ண்டு நெனச்சேன்."

வெளியே வந்து பார்த்தேன். பஸ் ஓடும் காலி வீதியிலிருந்து கிணற்றடி வரை சுவரெல்லாம் சினிமா நோட்டீஸ். எல்லாம் நான் வரைந்த எழுத்து. அடியில் உன் அச்சகத்தின் பெயர்.

கணக்குக் கொப்பியில் ஐந்துக்கு ஒன்று சரிவு வைத்து அந்த எழுத்தை வரைந்தது ஏன் என்று உனக்குத் தெரியும். மற்ற நோட்டீஸ்களெல்லாம் நிமிர்ந்து நிற்கின்றன. இது சரிந்தால் கண்ணில் முட்டும். மழையில் மை ஊறும்போது மெல்லிய நுனிகள்தான் முதலில் அழிகின்றன. ஆகவே கோடு முடிகிற இடமெல்லாம் செங்கல் போல ஒரு கட்டைக் கால் வைத்தேன். நீ முதிரை மரத்தில் அச்செழுத்தாக வெட்டுவித்தாய். கிணற்றுக்கும் காய்ச்சலுக்கும் தவிர வேறெதற்கும் எடுப்பதில்லை என்று என் முன்னால் நின்று சொன்னாய்.

எழுத்துப் பெட்டியைத் திருப்பி அனுப்பு.

அக்கா,
சரோஜினிதேவி

கொட்டாஞ்சேனை,
11-6-1938

அன்புள்ள அக்காவுக்கு,

அந்தப் பிள்ளை சுகமாக வேண்டும். முதலில் அதைச் சொல்கிறேன்.

சொன்ன சொல்லை மீறியது பிழைதான். படமாளிகை புவாத் இங்கே வந்தபோது மேசையில் கிடந்த உங்கள் நோட்டீசைக் கண்டார். "மத்த எழுத்தெல்லாம் தூங்குது, இது ஓடுது. எனக்கு இதுதான் வேணும்" என்று பிடித்த பிடியில் நின்றார். ஒரு படத்துக்குத்தானே என்று கொடுத்தேன். பிறகு நிறுத்த முடியவில்லை. கல்கிசை ரயிலில் போகிற சனம்கூட ஜன்னலால் எட்டி வாசிக்கிறது, அக்கா. பெருமையாகத்தான் இருந்தது. உங்களுக்கு இராதா?

நல்லாய் அமைந்த எழுத்தைப் பெட்டிக்குள் பூட்டி வைக்க அது கத்தியா? கிணற்றடிக்கு வருகிறவளுக்கு வாசிக்கத் தெரியாதது என் குற்றமா? "படிப்பிக்கிறது உங்கட வேலையெல்லோ?" என்று நேரே நின்றிருந்தால் கேட்டிருப்பேன்.

பெட்டியை வண்டியில் அனுப்புகிறேன். கிணற்று நோட்டீசை இன்னும் பெரிதாக, சிவப்பு மையில் அடித்துத் தரவும் ஆயத்தமாக இருக்கிறேன். கோபம் ஆறியதும் ஒரு வரி எழுதுங்கள்.

தம்பி,
நாகேந்திரம்

வெள்ளவத்தை,
15-6-1938

நாகேந்திரத்துக்கு,

பெட்டி வந்தது. எழுத்துகளின் இடுக்கெல்லாம் புவாத்தின் மை காய்ந்து கிடக்கிறது.

படிப்பிப்பது என் வேலைதான். அந்த வரியை நாலு தரம் வாசித்தேன். தாய்க்குப் படிப்பிக்கவில்லை, மகளுக்குப் படிப்பித்தேன். தண்ணீர் அள்ளுகிறவள் தாய். உன் கேள்வியில் நியாயம் இருக்கிறது என்பதாலேயே உன் மேல் இரட்டிப்புக் கோபம் வருகிறது. அவள் ஏமாந்தது வாசிக்கத் தெரியாததால் மட்டும் அல்ல. ஒரு தரம் சரியாகவே வாசித்தவள் அவள். அந்த வாசிப்பைக் கெடுத்தவன் நீ.

நோட்டீசை ஒழுங்காக அடையாளம் கண்டிருந்தாலும் அவசரத்துக்கு அந்தத் தண்ணீரையே அள்ளியிருப்பாளோ, தெரியாது. நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. அதனால் உன்னை மன்னிக்க வேண்டும் என்றும் இல்லை.

சிவப்பு மை வேண்டாம். அதுவும் அடுத்த படத்துக்குப் போகும். எனக்குப் பெருமையாக இராதா என்று கேட்டாய். ரயிலில் வரும்போது நானும் ஒரு தரம் எட்டி வாசித்தேன், யாருடைய கைவேலை என்று தெரியாமல் இல்லை. அன்றைக்கே உன்னைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அதையும் உன்னோடு சேர்த்தே வெறுக்கிறேன்.

இனி எனக்குக் கடிதம் எழுதாதே. வெள்ளவத்தைக்கும் வராதே.

சரோஜினிதேவி

16-6-1938

தபாலில் போடுமுன் இன்று நடந்ததையும் சேர்க்கிறேன்.

றஸ்மியாவுக்குக் காய்ச்சல் இறங்கியிருக்கிறது. கஞ்சி குடித்தாள். என்னைத் தெரிந்தது, வீட்டுக் கணக்குச் செய்யவில்லை என்று அழுதாள். நானும் பஹ்மியாவும் நாலு மணிக்கு ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்தோம். பெட்டி என் வீட்டில் இருக்க, எதிர்ச் சுவரில் பசை காயாத புது நோட்டீஸ் ஒன்று: தடித்து, சரிந்து, கட்டைக் கால்களோடு. பஹ்மியா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இது எந்தக் கெணறு டீச்சர்?"

"கிணறு இல்லை. படம்."

"சும்மா சொல்லாதீங்க. முழுக்க வாசிங்க."

வெயிலில் நின்று முழுக்க வாசித்தேன்: படத்தின் பெயர், நடிப்பவர்கள், நேரம். அவள் ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்துக்கொண்டு வந்தாள். கடைசி வரியில் அச்சகத்தின் பெயர் இருந்தது. உன்னுடையது அல்ல, புறக்கோட்டையில் யாரோ ஒருவருடையது. அதையும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.