ஏழாவது கோட்டையிலை புட்டு

என்ரை யோசப்பினுக்கு,

இஞ்சை டென்மார்க்கிலை, எங்கடை ஹொல்ஸ்டெப்ரோவிலை இண்டைக்கு நல்ல வெய்யில். நீ இருந்திருந்தால் ஜக்கெற்றைக் கழட்டிக் கையிலை வைச்சுக்கொண்டு, இதெல்லாம் ஒரு வெய்யிலோ எண்டு கேட்டிருப்பாய். வாற மாதம் உன்ரை ஆண்டுத் திவசம். பூசைக்குச் சொல்லியாச்சு. அதுக்கு முதல் உனக்கு ஒரு சந்தோசமான புதினம் சொல்லவேணும். எங்கடை சங்க மலரிலை போடக் குடுக்கிறதாலை உன்னைத் தெரியாத ஆக்களும் இதை வாசிப்பினம். அதாலை உனக்குத் தெரிஞ்சதையும் திரும்பச் சொல்லுவன், பொறுத்துக்கொள்.

எங்கடை ஹெல்காவைப் பற்றின புதினம்தான். நீயும் நானும் கனகாலம் ஒண்டா வேலை செய்த முதியோர் இல்லத்திலை, யன்னல் பக்கத்து அறையிலை இருக்கிற ஹெல்கா. ஜேர்மனியிலை பிறந்து, இளமையிலை ஒரு டெனிஷ் கமக்காரனைக் கலியாணம் முடிச்சு இஞ்சை வந்தவ. மறதி நோய் வந்த பிறகு அவவின்ரை டெனிஷ் முழுக்கக் கழண்டுபோச்சு. மிச்சம் நிண்டது ஜேர்மன் மட்டும். நாங்கள் கேக்கிறது அவவுக்கு விளங்காது, அவ சொல்லுறது உன்னைத் தவிர எங்களுக்கு ஒருத்தருக்கும் விளங்காது. பயத்திலை வாயை இறுக்கி மூடிக்கொண்டு கரண்டியைத் தட்டிவிடுவா. கலியாண மோதிரம் விரலிலை நிக்காத அளவுக்கு மெலிஞ்சு போனா.

ஜேர்மனியிலை ஸ்ருட்காட் அகதி முகாமிலை இருந்த காலத்திலை ஜேர்மன் பழகினவள் நீ. பேப்பர் வாசிச்சுக் காட்டினாய், வேதாகமம் வாசிச்சாய். ஒண்டுக்கும் அவ முகத்தைத் திருப்பேல்லை.

பிறகு ஒருநாள் ஹெல்காவின்ரை மகன் யென்ஸ் வைலே நகரத்திலை இருந்து வந்தார், தாயின்ரை சுவரிலை மாட்டக் குடும்பப் படங்கள் கொண்டு. படங்கள் இருந்த பெட்டிக்கு அடியிலை பழைய ஜேர்மன் வீடியோ கேம் சஞ்சிகைகள் ஒரு கட்டு. அவர் சின்னப் பிள்ளையா இருக்கேக்கை, பெடியன் ஜேர்மனை மறக்கக்கூடாது எண்டு ஹெல்காவின்ரை தங்கச்சி எல்லைக்கு அங்காலை இருந்து மாதாமாதம் அனுப்பினது. யென்ஸ் அதுகளைக் குப்பையிலை போடப் போனார். நீதான் வாங்கிப் பிரிச்சுப் பாத்தாய்.

ஒவ்வொண்டின்ரை நடுப்பக்கத்திலையும் ஒரு சித்திரக்கதை. ஓட்டோ எண்டொரு ஆடு. தலையிலை சட்டி கவிழ்த்த மாதிரி ஒரு இரும்புத் தொப்பி. அது ஏழு கோட்டையைக் கடக்கவேணும். உண்மையிலை அது ஒரு கேமின்ரை கதை. விளையாடுற பிள்ளையள் எங்கை மாட்டுப்படுவினமோ அங்கை ஓட்டோவும் மாட்டுப்படும். எந்தச் சுவரிலை முட்டினால் வழி திறக்கும் எண்டதைக் கதையைப் பாத்துப் பிடிச்சுக்கொள்ளலாம். பேரப்பிள்ளை கண்ட பொம்பிளை நீ, அந்த ஆட்டைப் பாத்து விழுந்து விழுந்து சிரிச்சாய்.

சிரிச்சுக்கொண்டே கட்டிலிலை இருந்து வாசிக்கத் தொடங்கினாய். ஓட்டோ உடைஞ்ச பாலத்தடியிலை வந்து நிக்குது. அடுத்து அது சொல்லுற வசனத்தை நீ வாசிக்க முதல் ஹெல்கா சொல்லிப்போட்டா. கத்துற குரலிலை, ஆடு மாதிரியே. நீ என்னைப் பாத்தாய், நான் உன்னைப் பாத்தன். யென்ஸ் கையிலை இருந்த படத்தைக் கட்டிலிலை வைச்சிட்டார்.

"அம்மாதான் எனக்கு இதை வாசிச்சுக் காட்டுறவ. ஆட்டின்ரை குரலும் அவதான்" எண்டார்.

அண்டையிலை இருந்து ஓட்டோ இல்லாமல் ஹெல்காவுக்கு மத்தியானச் சாப்பாடு இல்லை. ஆடு ஒரு கோட்டையைப் பிடிக்க அவ ஒரு கோப்பை சூப் குடிச்சு முடிப்பா. ஆனால் கடைசிச் சஞ்சிகையிலை ஓட்டோ ஏழாவது கோட்டைக் கதவிலை முட்டிக்கொண்டு நிக்குது. மிச்சம் அடுத்த இதழிலை எண்டு போட்டிருக்கு. அந்த இதழ் பெட்டியிலை இல்லை. அது தனக்கு வந்து சேரவேயில்லை, கேமிலையும் அந்தக் கதவைத் தன்னாலை திறக்க முடியேல்லை எண்டு யென்ஸ் போனிலை சொன்னார்.

நீ கொஞ்சமும் யோசிக்கேல்லை. சஞ்சிகையை மூடி வைச்சிட்டுக் கதையை நீயே கொண்டுபோனாய். கதவு திறக்குது. உள்ளை புதையலுமில்லை, இளவரசியுமில்லை, ஒரு குசினி. இவ்வளவு நாளும் கோட்டையைக் காவல் காத்த டிராகன் ஏப்ரன் கட்டிக்கொண்டு, தன்ரை வாய் நெருப்பிலை புட்டு அவிக்குது. ஓட்டோவைக் கண்டதும் கோப்பையை நீட்டுது. புட்டுக்கு ஜேர்மனிலை என்ன சொல்லுறது எண்டு தெரியாமல் புட்டு எண்டே சொன்னாய். பிறகு எனக்கு அதைத் தமிழிலை சொல்லேக்கை, ஏனடி புட்டு எண்டு கேட்டன். வெறும் வயித்தோடை கதையை முடிக்க உனக்கு வராதாம்.

பிறகு நீ வருத்தம் வந்து படுத்தாய். அதை நான் எழுதேல்லை, உனக்குத் தெரியும்.

நீ போன பிறகு ஹெல்கா திரும்ப வாயை மூடினா. சஞ்சிகைகள் புத்தகத் தட்டிலை அப்பிடியே கிடந்தது. தூசு தட்டேக்கைகூட நான் அதுகளைத் தொடுறதில்லை. அது உன்ரை சாமான் மாதிரி இருந்தது. ஒருநாள் மத்தியானம் அவ மூண்டாந்தரமும் கரண்டியைத் தட்டிவிட, எனக்கு வேறை வழி தெரியேல்லை. ஒண்டை எடுத்து விரிச்சு வாசிச்சன். ஜேர்மன் ஒரு சொல் தெரியாது. எழுத்தை டெனிஷ் மாதிரி உச்சரிச்சன், அதிலை பாதி மன்னார்த் தமிழ் மாதிரி வந்திருக்கும்.

ஹெல்கா என்னைத் திரும்பிப் பாத்தா. முதல்லை தோள் குலுங்கினது. அழுறாவோ எண்டு பயந்தன். சிரிக்கிறா, யோசப்பின். கண்ணாலை தண்ணி வரச் சிரிச்சிட்டு, நான் சொன்ன சொல்லைத் தான் சரியாச் சொல்லிக் காட்டினா. என்னையும் சொல்லச் சொல்லிக் கையாலை காட்டினா. நான் திரும்பவும் பிழையாச் சொல்ல, திரும்பவும் சிரிப்பு. எங்கடை பொறுப்பாளர் பியர்கிற், என்ன சத்தம் எண்டு ஓடிவந்து வாசலிலை நிண்டவ, தானும் சிரிச்சுக்கொண்டு கதிரையை இழுத்துப் போட்டு இருந்திட்டா. இப்ப மற்ற அறை ஆக்களும் வருகினம். ஆட்டுக் குரலை மட்டும் எனக்கு ஒருத்தரும் திருத்தேலாது. ஆட்டுக்குட்டியளோடை வளந்தவள் நான்.

இனித்தான் புதினம். போன கிழமை யென்ஸ் வந்தார். ஜேர்மனியிலை பழைய சஞ்சிகை சேர்க்கிற ஒருவரிட்டை, தொலைஞ்ச அந்த இதழைத் தேடிப் பிடிச்சிருக்கிறார். ஓவர்கோட்டைக்கூடக் கழட்டாமல் தாய்க்குப் பக்கத்திலை இருந்து வாசிச்சார். கதவு திறக்குது. உள்ளை ஒரு தங்கச் சாவி. ஓட்டோ அதைத் தூக்கிக் காட்டுது. கீழை, வாழ்த்துகள், இந்தக் கேமின்ரை இரண்டாம் பாகம் நத்தார்ப் பண்டிகைக்குக் கடையளிலை கிடைக்கும் எண்டு இருந்ததாம். அவ்வளவுதான் முடிவு.

ஹெல்கா புருவத்தை நெரிச்சா. பக்கத்தைக் கையாலை தள்ளினா.

"நைன்" எண்டா. இல்லையாம், பிழையாம். பிறகு கொஞ்சம் யோசிச்சு, "யோசப்பினே. புட்டு" எண்டா.

பெத்த மகனையே தன்ரை தம்பியின்ரை பேராலை கூப்பிடுற மனிசி. என்னை இண்டுவரைக்கும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. உன்ரை பேர் அந்த வாயிலை எங்கை இருந்து வந்தது?

புட்டு எண்டால் என்ன எண்டு யென்ஸ் கேட்டார். அழுறதும் சிரிக்கிறதுமாச் சொல்லி முடிச்சன். அவர் அந்த இதழை மூடி மடியிலை வைச்சிட்டு, "அப்ப அந்த முடிவைச் சொல்லுங்கோ" எண்டார். டெனிஷிலை சொன்னன். குசினி வந்த இடத்திலை தாயின்ரை கையைப் பிடிச்சார்.

அடுத்தநாள் பியர்கிற்றிட்டைக் கேட்டு, புட்டை நல்லாப் பாலிலை ஊறவிட்டு வாழைப்பழத்தோடை பிசைஞ்சு கொண்டுபோனன். ஹெல்கா முழுக்கச் சாப்பிட்டா. யென்ஸ் சம்பலோடை சாப்பிட்டு, உறைப்பிலை மூக்கைத் துடைச்சுக்கொண்டு, இன்னும் கொஞ்சம் கேட்டார்.

நீ அந்த முடிவை அந்த நிமிசத்திலையோ கட்டினனி? இல்லாட்டில் ஸ்ருட்காட்டிலை, ஒருத்தரையும் தெரியாமல் ஒரு கதவடியிலை நிண்ட நாளிலை உனக்கும் ஆரும் கோப்பையை நீட்டினவையோ? கேக்காமல் விட்டிட்டன்.

பின்னேர ஜேர்மன் வகுப்புக்குப் பேர் குடுத்திட்டன். ஹெல்கா இருக்குமட்டும் ஓட்டோவின்ரை கதை உன்ரை குசினியிலைதான் முடியும், இது சத்தியம். ஜேர்மனையும் வடிவாப் பழகுவன். ஆனால் அவவுக்கு வாசிக்கேக்கை ஒண்டு ரெண்டு சொல்லை வேணுமெண்டே பிழையா விடுவன். என்னைத் திருத்துறதிலை அந்த மனிசிக்கு அவ்வளவு சந்தோசம்.

உன்ரை கூடப்பிறவாத தங்கச்சி,
றீற்றா